ஆறரை மணிக்கு இலைச்சுருள்

அடுத்தவர் வீட்டில் சமைக்கிற வேலையில் பெரிய சங்கடம் ஒன்றுதான்: அவர்களுக்குப் பசிக்கிற அதே நேரத்தில்தான் நம் வீட்டிலும் பசிக்கும். இதை எழுதும்போது நீங்கள் எல்லோரும் என் எதிரில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்கிறேன். நாலு மணிக்குத் தலையை வாரி முடிந்துகொண்டு, சொந்தப் பிள்ளையிடம் "சோறு மூடி வெச்சிருக்கேன், ரசத்தைச் சூடு பண்ணிக்கோ" என்று சொல்லிவிட்டு, இன்னொரு வீட்டுப் பிள்ளைக்குச் சுடச்சுடப் பரிமாறப் போகிறவர்கள் நீங்கள். உங்களுக்கு விளக்கம் தேவையில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

எனக்கு ஊர் அடி அண்ணாமலை. பத்தாவது வரை படித்தேன். வீட்டுக்காரர் கீழ்பென்னாத்தூர் பக்கம்; அந்த ரூட்டில் வேன் ஓட்டினார். ஒரே பெண், கவிதா. அவள் ஹைஸ்கூலுக்குப் போக ஆரம்பித்த சமயம், செங்கம் ரோட்டில் வயல்காடு இருந்த இடமெல்லாம் வாடகை வீடாகிக்கொண்டிருந்தது. வெளிநாட்டுக் குடும்பங்கள் மாதக்கணக்கில் தங்கினார்கள். சமைக்க ஆள் தேடினார்கள். போனேன்.

இதுக்கு ஒரு ஆளா

நான் போய்ச் சேர்ந்த வீட்டம்மாவின் பெயர் லின். மலேசியாவில் ரப்பர் தோட்டத்துக்குப் பக்கத்து ஊரில் பிறந்த சீனப் பெண். தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்ததால் தமிழ் பேசுவார்; பேச்சின் கடைசியில் ஒரு 'லா' ஒட்டிக்கொண்டு வரும். கணவர் இங்கிலாந்துக்காரர். காலையும் மாலையும் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். ஒரு மகள், அவளுக்குச் சின்னவனாக ஒரு பையன்.

முதல் நாளே சொல்லிவிட்டார். ராத்திரிக்குச் சோறு வேண்டாம், எண்ணெயில் பொரித்தது வேண்டாம், உடம்புக்கு நல்லதாக, சீக்கிரம் ஆகிற மாதிரி இருக்க வேண்டும். அவரே செய்து காட்டினார். காளான், கேரட், வெங்காயத்தாள், டோஃபு என்கிற சோயாக் கட்டி எல்லாவற்றையும் குருணை மாதிரி பொடிப்பொடியாக நறுக்க வேண்டும். இஞ்சி பூண்டை வாசம் வரும்வரை வதக்கி, பெரிய தீயில் இதையெல்லாம் போட்டுப் புரட்டி, கொஞ்சம் சோயா சாஸ் விட்டு, இறக்கி எலுமிச்சம்பழம் பிழிய வேண்டும். பிறகு லெட்டூஸ் என்கிற கீரையின் ஒரு பச்சை இலையைக் கிண்ணம் மாதிரி கையில் ஏந்தி, அதில் இரண்டு கரண்டி வைத்து, மடித்து வாயில் போட வேண்டும். அவர் சொன்ன ஆங்கிலப் பெயர் என் வாயில் நுழையவில்லை. நான் அதற்கு இலைச்சுருள் என்று பேர் வைத்துக்கொண்டேன்.

அடுப்பில் இருக்கிற நேரம் கம்மிதான். நறுக்குகிற நேரம் இருக்கிறதே, அதை யாரும் பார்ப்பதில்லை. இலையை ஒவ்வொன்றாகப் பிரித்து, உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, கேன் தண்ணீரில் அலசி, துணியில் ஒற்றி ஈரமில்லாமல் எடுக்க வேண்டும். கட்டை விரலில் கத்தி பட்டுப் பட்டுத் தோல் தடித்துப் போனது. அந்த வீட்டைப் பெருக்கித் துடைக்கிற சரோஜா அக்கா மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"புளி கரைக்கல, தாளிக்கல, ஒரு விசில்கூட வரல. இலையைக் கழுவி வைக்கறதுக்கு ஒரு ஆளா கன்னிமா?"

மோட்சமும் கீரையும்

அந்தக் கீரை நம் பக்கத்தில் விளையாது. பெங்களூர் பஸ்ஸில் ஈரச் சாக்கில் சுற்றி வரும். செங்கம் ரோட்டில் ஒரே ஒரு காய்கறிக்கடைக்காரர், வெளிநாட்டுக்காரர்கள் நடத்தும் ஓட்டல்களுக்காக வரவழைப்பார். வெயில் காலத்தில் பாதி இலை பஸ்ஸிலேயே வெந்து போய்விடும்.

ஒரு பௌர்ணமியன்று ஊருக்குள் பஸ் எதையும் விடவில்லை. சாக்கு வரவில்லை. லின் அம்மா அன்றைக்கும் இலைச்சுருள்தான் என்றார், பிள்ளைகள் கேட்கிறார்களாம். சின்னக்கடைத் தெரு, மார்க்கெட், தேரடி வீதி என்று தேடினேன். மலை சுற்ற வந்த கூட்டம் எதிரே வர, நான் அதைப் பிளந்துகொண்டு வெறும் பையோடு நடந்தேன். கேட்ட இடத்திலெல்லாம் அரைக்கீரையும் சிறுகீரையும் எடுத்து நீட்டினார்கள். திரும்பி வந்து, சாக்கு வந்துவிட்டதா என்று பழைய கடையில் மறுபடியும் கேட்டேன். கடைக்காரர் ஒரு முட்டைக்கோஸை எடுத்து என் பையில் போட்டார்.

"மலையைப் பாக்க வந்தவங்கதானேம்மா அவங்க? ஒரு நாள் அந்தக் கீரை துன்னலன்னா மோட்சம் இன்னா கேன்சலா ஆயிடும்?"

குடும்பம் மாதிரி

அந்த முட்டைக்கோஸின் உள் இலைகளைக் கொதிக்கிற தண்ணீரில் முக்கி எடுத்து வைத்தேன். ருசிக்கு இருக்கட்டும் என்று வீட்டுக்காரர் ஊரிலிருந்து வந்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, வறுத்து ஒன்றிரண்டாக இடித்து மேலே தூவினேன். பிள்ளைகள் தட்டை வழித்துச் சாப்பிட்டார்கள். அதிலிருந்து மல்லாட்டை இல்லாமல் இலைச்சுருள் கிடையாது என்று ஆகிவிட்டது.

ஆறரை மணிக்குப் பாயை விரித்து நாலு பேரும் வட்டமாக உட்காருவார்கள். அக்கா மடித்ததைத் தம்பி வாயில் வைப்பாள். அப்பா மடித்தது பிரிந்து மடியில் கொட்டும், சிரிப்பார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். நான் இலை தீரத் தீர எடுத்து வைத்துக்கொண்டு சமையலறை வாசலில் நிற்பேன்.

கவிதாவுக்குப் பேச்சுப் போட்டியில் முதல் பரிசு கிடைத்தது. பள்ளி விழா மாலையில். எல்லாவற்றையும் நறுக்கித் தயாராக வைத்துவிட்டு அன்று மட்டும் ஐந்து மணிக்குக் கிளம்பட்டுமா என்று கேட்டேன். கடைசியில் நான் போகவில்லை. கவிதா மேடையேறி வாங்கியதை நான் பார்க்கவில்லை; வேறொரு பெண்ணின் அம்மா கைதட்டினாராம். நான் போகாமல் நின்றதற்குக் காரணம் லின் அம்மா சொன்ன ஒரே ஒரு பேச்சு. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. என் தோளில் கையை வைத்துக்கொண்டு சொன்னார்.

"நீங்க எங்க குடும்பம் மாதிரி அக்கா. சாப்பிடற நேரத்துல குடும்பத்துல ஒரு ஆளு எழுந்து போவாங்களா, சொல்லுங்க லா."

கிரிவலத்து மாடு

வீட்டுக்காரருக்கு அடிக்கடி தாகம், அசதி. பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் சர்க்கரை ஜாஸ்தி என்றார்கள். டாக்டர் அவரைப் பார்த்துப் பேசவில்லை, என்னைப் பார்த்துத்தான் பேசினார். ராத்திரி சோற்றைக் கம்மி பண்ணுங்க, காயும் கீரையும் ஜாஸ்தியா குடுங்க, சீக்கிரமா சாப்பிட வைங்க. கேட்டுக்கொண்டே வந்தபோது எனக்கு அந்தப் பாயும் இலையும்தான் நினைவுக்கு வந்தன. இந்தச் சாப்பாட்டைத்தான் நான் தினமும் செய்துகொண்டிருக்கிறேன், வேறு நாலு பேருக்கு.

வார நாளில் வழியில்லை. வண்டியை விட்டுவிட்டு அவர் வரும்போது வீட்டில் நான் இருக்க மாட்டேன். கவிதா சூடு பண்ணி வைக்கிற ரசம் அவருக்கு இறங்காது. ஸ்டாண்டுக்கு எதிரே பரோட்டாக் கடை இருக்கிறது, சால்னா இருக்கிறது. என்னைக் குறை சொல்லிச் சாப்பிட்டாரா, குறை சொல்லாமல் சாப்பிட்டாரா தெரியாது, தினமும் சாப்பிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு. டோஃபுக்கு நான் எங்கே போவேன்? முட்டையை உடைத்து ஊற்றி, கேரட்டும் பீன்ஸும் பொடியாக நறுக்கிப் போட்டு, இஞ்சி பூண்டோடு வதக்கி, முட்டைக்கோஸ் இலையில் வைத்துச் சுருட்டினேன். தட்டில் அழகாக அடுக்கி வைத்தேன். கவிதா இரண்டு எடுத்துச் சாப்பிட்டாள். அவர் ஒன்றைப் பிரித்துப் பார்த்தார். எங்கள் ஊர் வழியாகத்தான் மலை சுற்றுகிறவர்கள் போவார்கள். வழியெல்லாம் மாட்டைக் கட்டிவைத்து, அதற்குக் கொடுக்க அகத்திக்கீரையைக் கட்டுக்கட்டாக விற்பார்கள். அவர் தட்டை என் பக்கம் நகர்த்திவிட்டுச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"பகலெல்லாம் ஸ்டியரிங் புடிச்சிட்டு வர்றவன் எதிர்ல இலையைப் போடறியே, நான் இன்னா கிரிவலத்துல கட்டி வெச்ச மாடா?"

கோபம் இல்லை

லின் அம்மாவின் சின்னவனுக்கு வயிற்றுப்போக்கு வந்தது. வாந்தியும் சேர்ந்துகொண்டது. பிள்ளை வாடிப்போய்விட்டான். எனக்கும் பதறியது. நான் கஞ்சி வைக்கட்டுமா என்று கேட்டுக்கொண்டு உள்ளே போனபோது, லின் அம்மா என்னை விளக்குக்குக் கீழே நிற்கச் சொன்னார். கையை நீட்டச் சொன்னார். திருப்பச் சொன்னார். நகத்தைப் பார்த்தார். இலையை எந்தத் தண்ணீரில் அலசினேன் என்று கேட்டார். கேன் தண்ணீர் என்றேன். சமையலறைக்குள் போய்க் கேனைத் தூக்கிப் பார்த்துவிட்டு வந்து மறுபடியும் கேட்டார். அவர் கணவர் கதவோரம் நின்று ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். பிள்ளைக்குச் சரியாகும்வரை வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

வீட்டில் உட்கார்ந்திருந்த நாட்களில் என் கையை நானே திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சரோஜா அக்காதான் வந்து சொன்னார். பையனை அப்பா மலைப்பாதையில் நடக்கக் கூட்டிப்போனாராம். அங்கே ஐஸ் போட்ட கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்திருக்கிறார். பையன் அதை டாக்டரிடம் சொல்லிவிட்டானாம். வீட்டில் எல்லோருக்கும் தெரியுமாம். மறுநாள் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். யாராவது அந்தக் கரும்புச்சாற்றைப் பற்றிச் சொல்வார்கள் என்று காத்திருந்தேன். காளானைக் கழுவினேன், நறுக்கினேன், வதக்கினேன். இலையை அடுக்கும்போது லின் அம்மா பக்கத்தில் வந்து நின்றார்.

"பழசை மறந்துடலாம் அக்கா. எங்களுக்கு உங்க மேல ஒரு கோபமும் இல்ல லா."

சோறு போதும்

அப்புறம் லின் அம்மா சிநேகிதிகளைக் கூப்பிட்டு இலைச்சுருள் செய்யச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். நறுக்குவது நான், பேசுவது அவர். இடித்த மல்லாட்டையைக் காட்டி, இது தன்னுடைய சொந்த யோசனை என்றார். அதற்குள் எனக்கு அந்த அளவு ஆங்கிலம் புரிய ஆரம்பித்திருந்தது, அதுதான் வினை. வந்தவர்களில் ஒரு வெள்ளைக்கார அம்மா என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, இவர்கள் வீட்டிலும் இந்த மாதிரி சாப்பிடுவார்களா என்று நல்ல மனசோடுதான் கேட்டார். லின் அம்மா எனக்காக ஆங்கிலத்தில் பதில் சொன்னார்.

"இல்ல, அவங்களுக்குச் சோறு இருந்தா போதும்."

அறிவுரை

வீட்டுக்காரருக்குக் காலில் செருப்பு கடித்துப் புண். சாதாரணப் புண் என்று மஞ்சளை வைத்துக்கொண்டு வண்டி ஓட்டினார். வலி தெரியவில்லை என்பதைப் பெருமையாகச் சொன்னார். வலி தெரியாததுதான் வியாதி என்று எங்களுக்குத் தெரியவில்லை. விரல் கறுத்த பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனோம். கட்டை விரலையும் அடுத்த விரலையும் எடுத்துவிட்டார்கள். எடுப்பதற்கு முன்னால் கையெழுத்துக் கேட்டார்கள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், நான் போட்டேன். கவிதா வராந்தாவில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். பக்கம் புரளவே இல்லை.

லீவு கேட்கப் போனேன். லின் அம்மா கண்கலங்கிவிட்டார். அது நடிப்பு இல்லை, எனக்குத் தெரியும். தேவைப்படுகிற வரைக்கும் லீவு எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். ஆப்பிள் கொடுத்தார். என் கையைப் பிடித்து உட்காரவைத்து, சர்க்கரை வியாதிக்கு ராத்திரிச் சாப்பாடு எவ்வளவு முக்கியம் என்று பொறுமையாகச் சொன்னார். அரிசியைக் குறைக்க வேண்டும், பரோட்டா கூடவே கூடாது, பச்சைக் காய்கறி நிறைய, பொழுது சாய்ந்ததும் சாப்பாடு. நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். எழுந்திருக்கும்போது, மனசு தாளாமல் கேட்கிற மாதிரி கேட்டார்.

"நாம இங்க செய்யறோமே அக்கா, இதை நீங்க வீட்டுல உங்க வீட்டுக்காரருக்குச் செஞ்சு குடுக்கறதே இல்லையா?"

வெறும் மத்தியானம்

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் லின் அம்மாவிடம் போய், காலையும் மத்தியானமும் வருகிறேன், மாலையில் மட்டும் வீட்டில் இருக்க வேண்டும் என்றேன். அவர் யோசித்தார். யோசித்ததாகத்தான் தோன்றியது. என் தெருவிலேயே இன்னொரு பெண்ணை, கைக்குழந்தைக்காரி, மாலைக்கு வைத்துக்கொண்டார்கள். சரோஜா அக்கா வந்து சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. லின் அம்மா என்னிடம் சொன்னது இவ்வளவுதான்.

"மத்தியானம் நாங்க பழம்தானே சாப்பிடறோம் அக்கா. ஆள் வேணும்கறதே சாயங்காலத்துக்குத்தான் லா."

ருசி

இப்போது பொழுது சாயும்போது என் வீட்டு அடுப்பு முன்னால் நான் இருந்தேன். அவர் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். வண்டியை வேறொருவர் ஓட்டினார். நான் அதே இலையைத்தான் சுருட்டினேன்: முட்டைக்கோஸ், முட்டை, கேரட், மேலே இடித்த மல்லாட்டை. இந்த முறை தட்டை நகர்த்திவிட்டு எழுந்துபோக அவரால் முடியாது. அந்த நினைப்பு எனக்கே கசப்பாக இருந்தது. ஒன்றை எடுத்தார். மென்றார். இன்னொன்று எடுத்தார். மூன்றாவதை மகளிடம் நீட்டி, நீயும் சாப்பிடு என்றார். கவிதா என் முகத்தைப் பார்த்தாள். அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். குத்திக்காட்டுகிற குரல் இல்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்கிற குரல்.

"நல்லாதானே இருக்குது. இதை முன்னாடியே செஞ்சு குடுத்திருக்கலாமில்ல நீ?"

போனில்

கவிதா படித்து முடித்துச் சென்னையில் வேலைக்குப் போனாள். கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளையும் கம்ப்யூட்டர் வேலைதான். இரண்டு பேரும் இருட்டின பிறகுதான் வீடு திரும்புகிறார்கள். குழந்தை பிறந்த பிறகு சமைக்க ஒரு அம்மாவை வைத்துக்கொண்டாள். ஒருநாள் போன் பண்ணி, அப்பாவுக்குச் செய்வாயே, அந்த இலைச்சுருளை இந்த அம்மாவுக்குச் சொல்லிக்கொடு என்றாள். ராத்திரிச் சோறு உடம்புக்கு ஆகவில்லையாம், அங்கே கடையில் அந்தக் கீரை எப்போதும் கிடைக்கிறதாம். அந்த அம்மாவுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேட்டேன். "அதெல்லாம் நான் கேக்கலம்மா, இரு, அவங்ககிட்டயே குடுக்கறேன்" என்றாள். என் பெண் கெட்டவள் இல்லை. என்னைத் தனியாக விட்டவளும் இல்லை. மாதம் தவறாமல் வந்து அப்பாவின் காலைப் பார்த்துவிட்டுப் போகிறவள்.

போன் கை மாறியது. குக்கர் சத்தம் கேட்டது. நான் முகம் தெரியாத அந்தப் பெண்ணுக்குச் சொல்ல ஆரம்பித்தேன்: காளானைக் குருணையா நறுக்கணும்மா, இலையில ஈரம் இருக்கக் கூடாது, இஞ்சி பூண்டு கருகிடக் கூடாது. அவர் "ம், ம்" என்று கேட்டுக்கொண்டே வந்தார். மல்லாட்டை என்றதும் புரியாமல், அப்படின்னா என்னக்கா என்றார். வேர்க்கடலை என்றேன். எல்லாம் சொல்லி முடித்தபோது, போனை எடுத்துக்கொண்டு தள்ளி வந்தார் போல, குக்கர் சத்தம் தூரமாகிவிட்டது. பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"இது சீக்கிரம் ஆயிடும்ல அக்கா? எனக்கும் வீடு இருக்குது."

சட்டென்று ஆகிவிடும், உடம்புக்கு நல்லது, குடும்பமே கூடி உட்கார்ந்து சாப்பிடலாம் என்று இந்தச் சமையலைப் பற்றிச் சொல்கிறவர்கள் சொல்வதெல்லாம் உண்மைதான், எந்தக் குடும்பம் என்பதை மட்டும் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.